பதில் ஆள் வந்த வகுப்பு

எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் யாரும் சிரிக்கவில்லை. எதில் எம்.ஏ. என்று சொன்னதும்தான் சிரித்தார்கள். முதியோர் கல்வி. அந்தப் படிப்புக்கு அன்றைக்குத் தமிழில் அதுதான் பெயர். எதிர் வீட்டு அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இது, இன்னும் கல்யாணமே ஆவல, உனக்கு இன்னாத்துக்கு முதியோர் கல்வி?"

"எனக்கில்லக்கா. எழுத்து தெரியாத பெரியவங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு படிக்கப் போறேன். உன்ன மாதிரி ஆளுங்களுக்கு."

"எனக்கா? நல்லா சொன்ன போ. அடுப்பு ஊதி முடிக்கவே எனக்குப் பொழுது பத்தல. இதுல எழுத்து வேறயா!"

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். பிறவிக் குணம், இன்னும் போகவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எங்களுடையது மூங்கில் தட்டி வீடு. கதவைச் சாத்தினாலும் சிரிப்பு உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது.

அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அந்த வருஷம்தான் மைன்ஸ் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் பக்கம் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு ஆபீஸ் வேலை என்றால் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெங்களூரில் மேற்படிப்பு என்று கிளம்பினால் பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வந்து உட்கார்ந்து என்னைக் கரித்துக் கொட்டினார்கள். பி.ஏ.வே அதிகம், இதற்கு மேல் படித்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று பெரியப்பா கேட்டார். நான் பதிலுக்கு ஏதோ துடுக்காகச் சொல்ல, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

நைனா மட்டும் பேசவில்லை. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்துக்குள் கூரைக்கல் இறங்காமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு, டிம்பர்மேன் என்பார்கள். அப்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் வேல எங்கியும் ஓடிப்போவாது. படிப்புதான் ஓடிப்பூடும். நீ போ கண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். வேலை ஓடித்தான் போயிற்று, அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர் சொன்ன அந்த இரண்டு வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எழுத்து வாசனை இல்லாத மனுஷன் அவர். கையெழுத்துக்குப் பதில் கட்டை விரல்தான் வைப்பார்.

விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவேன், பங்காருபேட்டையில் வண்டி மாறுவேன், பெங்களூரில் இறங்கிப் பல்கலைக்கழகத்துக்கு ஓடுவேன். எங்கள் வகுப்பில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான். பேராசிரியர் நல்லவர். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதலில் அவர்களுடைய பொழுது எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வேன். எங்கள் லைனில் பிறந்து வளர்ந்தவளுக்கா அது தெரியாது என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வேறு.

அந்தப் படிப்பில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. நாமே ஒரு முதியோர் வகுப்பைத் தொடங்கிச் சில மாதங்கள் நடத்த வேண்டும். அதற்கு விதி இருந்தது. வகுப்பு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். கடைசியில் வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார், படித்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இதில் தோற்றால் இன்னும் ஒரே ஒரு தடவை வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் பட்டம் கிடையாது, எழுத்துத் தேர்வில் எத்தனை வாங்கியிருந்தாலும் சரி.

எங்கள் லைனில் ஒரு சின்னப் புத்தர் கோயில் இருக்கிறது. அதன் கூடத்தை எனக்குக் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. லைனில் எழுத்துத் தெரியாத ஆண்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தேன். நைனாவின் முகத்துக்காகப் பெரும்பாலோர் சேர்ந்துகொண்டார்கள். அநேகமாக எல்லாரும் ஒரே ஷாஃப்ட் குழியில் ஒரே கேங்கில் வேலை செய்கிறவர்கள். எதிர் வீட்டு அக்காவின் புருஷன், துளை போடும் மிஷின் ஓட்டுகிறவர், அவரும் சேர்ந்தார். நான் அவரை அண்ணே என்பேன்.

முதல் நாளே பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஏர், எருது, கலப்பை என்று படம் போட்டிருந்தது. "எங்க பாட்டன் ஆர்க்காட்டுல வுட்டுட்டு வந்த ஏரை மறுபடியும் எங்க கழுத்துல கட்டுறியேம்மா" என்றார் அண்ணன். சரி என்று அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டேன். லெவல், கேஜ், ஷாஃப்ட், விளக்கு, மண்வெட்டி என்று கரும்பலகையில் எழுதினேன். ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டுதான் கேஜ், அதை எழுத இரண்டாம் நாளே 'ஜ' வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதைச் சுழித்துச் சுழித்து எழுதினார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஷிப்டு என்று ஒன்று இருக்கிறதே! ஒரு வாரம் காலையில் இறங்கி மதியம் ஏறுவார்கள், அந்த வாரம் கூடம் நிறைந்திருக்கும். அடுத்த வாரம் மதியம் இறங்கி ராத்திரி ஏறும் செகண்ட் ஷிப்டு, கூடம் காலி. அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்டு. வந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து குறட்டை விடுவார்கள், பாவம். நேரத்தை மாற்றலாம் என்றால் விதி இடம் கொடுக்காது. பேராசிரியர் சொன்ன பொழுது என்பது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தேர்வாளர் வந்த நாள் எனக்கென்று வாய்த்ததுபோல் செகண்ட் ஷிப்டு வாரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் இரண்டு மூன்று பேர் மட்டும், அவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கூடத்தில் இருந்தார்கள். அந்த அம்மையார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, கறாரான முகம். காலி இடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஷிப்டு, கேங்க் என்று நான் அவசர அவசரமாக விளக்கினேன். "நான் இங்கே வகுப்பைப் பார்க்க வந்தேன். வகுப்பு இல்லை" என்றார். தோல்வி என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களை எல்லாம் மூலையில் வீசி எறிந்தேன். அழுகை, ஆத்திரம், எல்லாம் சேர்ந்து வந்தது. கிடைத்த வேலையை விட்டாயிற்று, சொந்தக்காரர்கள் வாயில் விழுந்தாயிற்று, இப்போது பட்டமும் இல்லை என்றால் எந்த முகத்தோடு வெளியே போவேன்? நைனா எறிந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி அடுக்கினார். "இன்னாவாம்? எதுக்குப் பெயிலாம்?" என்று மட்டும் கேட்டார்.

"எடம் காலியா கீதாம் நைனா. வேற ஒண்ணும் இல்ல. எடம் காலியா கீது, அவ்ளோதான்!" என்று கத்தினேன்.

மறுநாள் ஷாஃப்ட் வாசலில் கேஜுக்குக் காத்திருந்தபோது நைனா தன் ஆட்களிடம் அதை அப்படியே சொல்லியிருக்கிறார். "எடம் காலியா கீதுன்னு எம் பொண்ணைப் பெயிலாக்கிட்டாங்கப்பா."

சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கு இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஒருவன் வேலைக்கு வர முடியாவிட்டால் அவன் இடம் சும்மா கிடக்கக் கூடாது, பதில் ஆள் வேண்டும். தம்பியோ மச்சானோ பக்கத்து வீட்டுக்காரனோ, யாராவது ஒரு ஆள் அந்த இடத்துக்கு இறங்கியாக வேண்டும். அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் தடவையாக வகுப்பைத் தொடங்கினேன். முதல் வாரம் ஆண்கள் வந்தார்கள். அடுத்தது செகண்ட் ஷிப்டு வாரம். திங்கட்கிழமை மாலை பதிவேட்டோடு போகிறேன், கூடத்து வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே பார்த்தால் பாய் முழுக்கப் பெண்கள். எங்கள் லைன் பெண்கள்தான். யார் புருஷன் எங்கே உட்காருவானோ சரியாக அதே இடத்தில் அவனுடைய பெண்சாதி உட்கார்ந்திருந்தாள், மடியில் அவன் பலகை. அண்ணன் உட்காரும் ஜன்னலோர இடத்தில் எதிர் வீட்டு அக்கா.

"இன்னாக்கா இது? இங்க இன்னா பண்றீங்க எல்லாரும்?"

"அவரு ஷிப்டுக்குப் போய்கீறாரு. பதில் ஆளா நான் வந்துகீறேன்."

"பதில் ஆளா? இது இன்னா ரேஷன் கடை கியூவா, ஆள மாத்தி நிக்கறதுக்கு? படிக்கிறதுக்கு யாராச்சும் பதில் ஆளு அனுப்புவாங்களா? அவரு சாப்பாட்டை நீ சாப்பிட்டா அவரு வயிறு ரொம்புமா?"

அக்கா அசரவில்லை. "எடம் காலியா கீதுன்னு உன்ன பெயிலாக்கினாங்கோ. இப்ப எடம் காலியா இல்ல. அப்பால உனக்கு இன்னாடி கோவம்? அடுப்ப அணைச்சிட்டு வந்துகீறோம், சட்டுனு சொல்லிக்குடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என்ன ஜனங்கள் இவர்கள்! நான் பெயிலாகக் கூடாது என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தப்பாகப் புரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள், அதற்காகப் போங்க என்று சொல்ல எனக்கு மனம் வருமா? சாக்குக்கட்டியை எடுத்தேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் ஆண்கள், பிறகு பெண்கள், மறுபடியும் ஆண்கள். பாதிப் பாடம் ஒருத்தருக்கு, பாதி இன்னொருத்தருக்கு, இது எங்கே உருப்படப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆச்சரியமாக, யாரும் பாடத்தில் பின்தங்கவில்லை. பெண்களுக்கு நடத்திய பாடத்தின் தொடர்ச்சியை ஆண்களுக்கு நடத்தினால் அவர்களுக்குப் புரிந்தது. எல்லாம் என் கற்பிக்கும் திறமை என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூருக்குப் போய்ப் பேராசிரியரிடம் அது பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

ஒன்று மட்டும் பெரிய ரகளை. பெயர் எழுதும் பயிற்சி என்று ஒன்று நடத்த வேண்டும், பதிவேட்டில் உள்ள பெயரை எழுதப் பழக்க வேண்டும். பதிவேட்டில் இருந்தது புருஷன்மார் பெயர், பெண்களின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் அதைப் பலகையில் முத்து முத்தாக எழுதுவார்கள். எங்கே, வாய்விட்டுப் படி என்றால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவளை இடிப்பார்கள். அவள் இவள் புருஷன் பெயரைச் சொல்வாள், இவள் அவள் புருஷன் பெயரைச் சொல்வாள். சொந்தப் புருஷன் பெயர் மட்டும் வாயில் வராது.

"எழுதுவீங்க, சொல்ல மாட்டீங்க. இது இன்னா நாயம்?" என்று நான் குதித்தேன்.

"எழுதினா ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள் அக்கா. "சொன்னாத்தான் அவருக்கு ஆயுசு கொறையும். பூமிக்கு உள்ள கீறாரு, தெரியுமில்ல?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கல் வெடித்துச் சரிந்து எத்தனை ஆட்களைத் தூக்கி வந்திருக்கிறார்கள் எங்கள் லைனுக்கு! சரி, அதை விடு, உன் பெயரையாவது எழுதக் கற்றுக்கொள் என்றேன் அக்காவிடம். "எனக்கு எதுக்கு? நான் பதில் ஆளு. எடம் அவருது, பேரும் அவரு பேருதான்" என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் லைனில் கிடையாது. இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா, அவ்வளவுதான்.

தேர்வு நாள் வந்தது. மறுபடியும் செகண்ட் ஷிப்டு வாரம். மறுபடியும் அதே அம்மையார். இந்தத் தடவை போனால் போனதுதான். நைனாவுக்கு மூச்சு மோசமாகி வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் கூடத்து வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

கூடம் நிறைந்திருந்ததைப் பார்த்து அம்மையார் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பதிவேட்டைத் திறந்தார். வரிசையில் விரலை ஓட்டி, அண்ணனின் பெயரைப் படித்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"இது உன் பெயரா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்னே யார் பெயர்?"

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள்தான், "அவங்க வூட்டுக்காரரு பேரும்மா" என்றாள். அம்மையார் அடுத்த பெயரைப் படித்தார், அடுத்ததையும் படித்தார். எழுந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பதிவேட்டை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பெயர் உள்ளவர்கள் ஒருவர்கூட இங்கே இல்லை. போன தடவை காலியாக இருந்தது என்று இந்தத் தடவை கூட்டம் காட்ட ஆட்களை அழைத்து வந்திருக்கிறீர்கள். இது அதைவிட மோசம்."

ஊரையே வாயால் வளைக்கிறவள் நான். ஆனால் விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரிதானே? எல்லாம் முடிந்தது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்த அக்காதான் பேசினாள்.

"கூட்டம் காட்ட வரலம்மா. நாங்க பதில் ஆளு. நாங்களும் படிக்கிறோம்."

"பதில் ஆள் என்றால்?"

"அவருக்கு ஷிப்டு இருந்தா நான் வருவேன். நான் வந்த வாரத்துப் பாடத்த அவருக்கு நான் சொல்லிடுவேன். அவரு வந்த வாரத்துத எனக்கு அவரு சொல்லிடுவாரு. சொல்லாம எப்படி வுடறது? உள்ள எறங்கற ஆளுக்கு, ஏறுற ஆளு சொல்லிட்டுத்தாம்மா ஏறணும். எங்க கல்லு தளர்ந்துகீது, எந்த ஓட்டையில மருந்து வெடிக்காம கீதுன்னு சொல்லாம ஏறிட்டா, எறங்குனவன் தலையில இல்ல வுழும்?"

அம்மையாருக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு முழுக்கப் புரிந்தது. சுரங்கத்தில் ஷிப்டு மாறும்போது வேலையிடத்தின் நிலைமையைச் சொல்லிக் கைமாற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. எந்த அவசரத்திலும் அதை மட்டும் விடமாட்டார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அண்ணன் சுரங்கத்திலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது, அக்கா தண்ணீரில் விரலை நனைத்து அன்றைய எழுத்தைச் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டுவாளாம். அவர் வந்த வாரம் அவர் எழுதிக் காட்டுவார். வீட்டுக்கு வீடு இது நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. என் திறமை, என் திறமை என்று நான் பெங்களூர் வரை போய்ப் பீற்றிக்கொண்டிருந்தேனே, கடவுளே!

அம்மையார் என்னிடம், ஆண்கள் வந்த ஒரு வாரத்தில் நடத்திய பாடம் எது என்று கேட்டார். காட்டினேன். அதை அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அக்கா விரல் வைத்து, எழுத்துக்கு எழுத்து மூச்சு இழுத்து, படித்துவிட்டாள். அடுத்தவளும் படித்தாள். இன்னொருத்தி பாதியில் முழித்துக்கொண்டு நின்றுவிட்டு, "இத்த எங்க வூட்டுக்காரரு சரியா சொல்லலம்மா, அவருக்கே தெரியல போல கீது" என்று புருஷன் தலையில் பழியைப் போட்டாள். கூடம் கொல்லென்று சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை.

"மனப்பாடமாகவும் இருக்கலாம்" என்றார். அக்காவிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்து, "உன் கணவர் பெயரை எழுது" என்றார். அக்கா கரும்பலகையில் சரசரவென்று எழுதினாள்.

"இது பழகிய கை. சரி, இதற்குக் கீழே உன் பெயரை எழுது."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அண்ணனும் சொல்லியிருக்க மாட்டார். பதில் ஆளின் பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அம்மையாரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. முதல் எழுத்தை எழுதினாள். அதன் பக்கத்தில் கால் போட்டாள். அடுத்ததை எழுதி, விரலால் அழித்து, மறுபடியும் எழுதினாள். நடுவில் புள்ளி வைக்கலாமா வேண்டாமா என்று கை காற்றிலேயே நின்றது. உதடு மறுபடியும் அசைந்தது. புள்ளி வைத்தாள். கடைசி எழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிற்று. பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

"இம்மாந்தானா?" என்றாள். "எம் பேரு இம்மாந்தானாம்மா?"

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். அத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் அந்தப் பெயரை முழுதாக ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா தன்னைக் கூப்பிடுவதாகவே நினைத்துவிட்டாள்.

"தோ கீறேன்மா" என்றாள்.

அம்மையார் மற்றப் பெண்களிடம், "எல்லாரும் அவரவர் பெயரை எழுதுங்கள்" என்றார். கூடத்தில் அப்படி ஒரு சத்தம். உதட்டை அசைப்பதும், அழிப்பதும், பக்கத்தில் எட்டிப் பார்ப்பதும், உன் பேர்ல கொம்பு இருக்குதுடி என்று கத்துவதுமாக ஒரே அமளி. சிலருக்கு வந்தது. சிலருக்கு ஒரு எழுத்து இரண்டு எழுத்து இடறியது. எழுதாமல் விட்டவள் ஒருத்திகூட இல்லை. அம்மையார் ஒவ்வொரு பலகையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

கடைசியில் என்னிடம் வந்தார். "பதிவேட்டுக்கு உனக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நீ எழுதியிருப்பது ஒன்று, இங்கே இருப்பது ஒன்று. இவர்கள் பெயர் எங்கே?" என்று கடிந்துகொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மற்றதற்கெல்லாம் முழுதாகப் போட்டிருக்கிறேன். தேறிவிட்டாய், போ" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த நைனா இதைக் கேட்டார் போலிருக்கிறது, எழுந்து விறுவிறுவென்று நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஒரு கலர் சோடாவோடு வந்து, அம்மையாரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அவருக்கு வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மையார் நின்றபடியே அதை முழுக்கக் குடித்தார்.

பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு போய் அந்தத் தாளை வாங்கினேன். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது போதாது என்று எனக்குத் தெரியும். நைனா கேஜுக்கு நின்ற இடத்தில் சொன்ன ஒரு வார்த்தை, அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்த பெண்கள், அலுத்து வந்த உடம்போடு தரையில் எழுத்துப் போட்டுக் காட்டிய ஆண்கள், இத்தனை பேரும் சேர்ந்து எனக்குப் போட்ட பிச்சை அந்தப் பட்டம். அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முதியோர் வகுப்புகள் நடத்திச் சோறு தின்றிருக்கிறேன். எங்கேயாவது ஒரு கை முதல் தடவை எழுத்தைப் பிடிக்கும்போதெல்லாம், எங்கள் லைன் ஜனங்களை மனசுக்குள் ஒரு தடவை கும்பிட்டுக்கொள்வேன்.

தேர்வு முடிந்த அடுத்த வாரமும் வகுப்பு வைத்தேன். வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யாராவது வந்தால் நடத்துவோம் என்றுதான் போனேன். ஷிப்டு மாறி ஆண்கள் மேலே இருக்கும் வாரம் அது, பதில் ஆளுக்குத் தேவையே கிடையாது. ஆனாலும் அக்கா எனக்கு முன்னால் வந்து ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்திருந்தாள், பலகையில் தன் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். குளித்துத் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அக்கா பலகையைத் துடைத்துவிட்டு, இடத்தை விட அவசரமாக எழுந்தாள்.

"நீ உக்காரு" என்றார் அண்ணன்.

அவள் உட்காரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, அது அவ எடம். எனக்கு வேற எடம் காட்டுங்க."

நான் சுருட்டி வைத்திருந்த இன்னொரு பாயை எடுத்து விரித்தேன்.